காலி டாங்க் என்று ஒன்று கிடையாது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்காதவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. போன மாதம் ஒரு காலை நானும் நின்றுகொண்டிருந்தேன். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில், இரண்டு காலுக்கும் நடுவே, பெயிண்ட் உரிந்த பழைய தகர டாங்க் ஒன்று. பக்கத்தில் பைக்கில் நின்றவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். முகம் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம்.

"என்ன சார், ஓட்டையா? குடுங்க, பத்து நிமிஷத்துல பத்த வெச்சுத் தந்துடறேன்."

"உள்ள பெட்ரோல் வாசனை இன்னும் போகலியேப்பா."

"காலி டாங்க்தானே சார்! காலி டாங்க் என்ன பண்ணிடப் போவுது?"

கேட் திறந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹார்ன் அடித்தார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கேட்டில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டாங்க் என்னிடம் வந்த கதை. நம் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பிரிந்து போகும் கோரையாறும் பாமணியாறும் கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில்தான் போய் விழுகின்றன. அந்த அலையாத்திக் காட்டோரம் என் அக்கா மகனுக்கு ஒரு நண்பர். அவருடைய தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பும்போது படகின் பின்னால் மாட்டுகிற ஜான்சன் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். 1950-களில் செய்தது, பத்து குதிரைசக்தி. தாத்தா போய் முப்பது வருஷம் ஆகிறது. மோட்டார் சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்தது. அதை ஒரே ஒரு முறையாவது காயலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், தன் மகளைப் படகில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது பேரனின் ஆசை. மோட்டார் வேலையைத் தானே பார்த்துக்கொண்டார். டாங்கை மட்டும் என் அக்கா மகன் மூலம் என்னிடம் அனுப்பினார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இரும்போடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு அந்த மரியாதை.

இந்த டாங்க் சாதாரண டாங்க் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் செய்து விற்கத் தொடங்கிய படகு மோட்டார்களிலும், அதற்குப் பின் வெகுகாலம் வந்தவற்றிலும், எரிபொருள் டாங்க் மோட்டாரின் தலையிலேயே இருக்கும். 1949-ல் ஜான்சன் கம்பெனி பத்து குதிரைசக்தி மோட்டாரோடு ஒரு தனி டாங்கைக் கொடுத்தது. அது படகின் தரையில் இருக்கும். ஏறக்குறைய 23 லிட்டர் பிடிக்கும். இரண்டு ஹோஸ். மோட்டார் ஓடும்போது ஒரு ஹோஸ் வழியாக டாங்குக்குள் காற்றை அழுத்தும், அந்த அழுத்தத்தில் இன்னொரு ஹோஸ் வழியாகப் பெட்ரோல் மேலேறும். மோட்டாரிலேயே பம்ப் வைக்கும் வழக்கம் 1960 வாக்கில்தான் வந்தது. ஆக, இது அழுத்தம் தாங்க வேண்டிய டாங்க். சதுர அங்குலத்துக்கு நாலைந்து பவுண்டுதான். ஆனாலும் அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தால், பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். பீய்ச்சுகிற இடத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

இனி பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காலி டாங்க் என்ன பண்ணும்?

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கிலிருந்து 7.6 பங்குக்குள் இருந்தால் வெடிக்கும். அதற்குக் குறைந்தாலும் வெடிக்காது, மிஞ்சினாலும் வெடிக்காது. டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது உள்ளே ஆவி அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, காற்றுக்கு இடமில்லை. கவிழ்த்துக் கொட்டிவிட்ட டாங்கில்தான் இரண்டும் சரியான பாகத்தில் சேர்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 லிட்டர் டாங்கில் 1.4 சதவிகிதம் என்றால் சுமார் 320 மில்லிலிட்டர் ஆவி. அதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? அரை டீஸ்பூன்கூட வேண்டாம். மடிப்பு மூலையில், துருவின் இடுக்கில், அடியில் பிடித்த கசட்டில் அதைவிட அதிகமாகவே ஒளிந்திருக்கும். மூடியைத் திறந்து ஒரு வாரம் வெயிலில் வைத்தாலும் போய்விடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். மேலே வாய் திறந்திருந்தால் அடியில் படுத்திருப்பது எழுந்து போகுமா?

"எங்களுது மண்ணெண்ணெய் டாங்க் சார், அது பத்தாது" என்பவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் ஆவி பற்றிக்கொள்ள ஏறக்குறைய 35, 40 டிகிரி சூடு வேண்டும் என்பது உண்மைதான். சித்திரை வெயிலில் கிடக்கும் தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய போயிங் 747 விமானம் ஒன்று சில நிமிஷங்களில் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. 230 பேர், ஒருவர் மிச்சமில்லை. நாலு வருஷம் விசாரித்தார்கள். வெடித்தது நடு டாங்க். அது கிட்டத்தட்டக் காலியாக இருந்த டாங்க். அடியில் மிச்சமிருந்த கொஞ்சம் எரிபொருள், அதுவும் மண்ணெண்ணெய் ஜாதிதான், பக்கத்தில் ஓடிய குளிர்சாதன இயந்திரங்களின் சூட்டில் ஆவியாகி நிறைந்திருந்தது. ஒரு பொறி போதுமானதாக இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1979, வைகாசி. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். குறுவை நாற்றங்காலுக்குக் குட்டையிலிருந்து தண்ணீர் இறைக்க எங்கள் வீட்டில் ஒரு சின்ன இன்ஜின். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ரகம். அதன் டாங்க் ஒழுக ஆரம்பித்தது. நான் லீவில் வந்திருந்தேன். அப்பாவும் நானும் டாங்கைக் கழற்றிப் பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். டாங்கைக் கவிழ்த்துக் கொட்டினார், வெயிலில் வைத்தார், டீ சொன்னார். டீ குடித்து முடித்ததும் வேலைக்கு இருந்த பையனைக் கூப்பிட்டார். பதினைந்து வயது இருக்கும். "காலி டின்தான்டா, பத்த வையி" என்றார்.

எனக்குத் தெரியும். பொன்மலையில் எங்களுக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. எண்ணெய் ஏற்றிய வேகன் என்றால் நீராவி விட்டு மணிக்கணக்கில் கழுவி, வாயு இல்லை என்று சோதித்து, ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நெருப்பு பக்கத்தில் வரலாம். எனக்கு இருபத்தாறு வயது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பட்டறைக்காரர் பெரியவர், அப்பா பக்கத்தில் நிற்கிறார், ரயில்வேயில் சேர்ந்ததும் பையனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசுவார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

பையன் ஊதுவிளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனான். பட்டென்று ஒரே சத்தம். டாங்கின் மடிப்பு வாய் பிளந்தது. பையனின் முகமும் கையும் வெந்தன. முகம் ஆறியது, வலது கண் போனதுதான். என் அப்பா மூன்று மூட்டை நெல் கொடுத்தார். அதோடு கணக்கு முடிந்தது என்று ஊர் சொன்னது.

அவர் இன்று பேரன் பேத்தி எடுத்தவர். கடைத்தெருவில் பார்த்தால் "எப்ப வந்தீங்கண்ணே" என்று சிரிப்பார். நான் அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றுதான் பேசுவேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, நான் அன்று வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"தெரியாமல் நடந்துவிட்டது" என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவிலேயே எழுதியிருந்தார்கள்: தீப்பிடிக்கும் பொருள் இருக்கிற, அல்லது எப்போதாவது இருந்த டாங்க் எதையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல் வெல்டிங், பிரேசிங், பற்றவைப்பு எதுவும் செய்யக்கூடாது. "இருந்த" என்கிற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சட்டத்தை எழுதியவருக்குக் காலி டாங்க் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம், மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடமென்றால், பத்துப் பேராவது இருந்தால்தான் பொருந்தியது. முதலாளியும் இரண்டு பையன்களுமாக நடக்கிற பட்டறையை அது எட்டிப் பார்க்கவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் நாம் தான் வாயைத் திறக்க வேண்டும். டாங்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாம்.

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பழைய பொருளைப் புதுப்பிக்கிறோம் என்று வீடியோ போடுகிறவர்கள். பழைய பொருளைத் தூக்கிப் போடாமல் சீர்செய்வதில் எனக்கு அவர்களைவிட ஆசை அதிகம். ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி இன்ஜினையே இந்தக் காலத்தில் புதிதாகச் செய்து அனுப்பியது எங்கள் பொன்மலை. ஆனால் அந்த வீடியோக்களில் பாருங்கள். துருவைத் தேய்ப்பார்கள், பளபளவென்று பெயிண்ட் அடிப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பாட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள். ஒழுகுகிறதா என்று பார்த்தார்களா? பார்த்தால் எப்படிப் பார்த்தார்கள்? அதுதான் இருக்காது. கோயில் தேரைக்கூட வெள்ளோட்டம் விட்ட பிறகுதானே ஐயா சாமியை ஏற்றுகிறோம்?

சோதிக்கிறேன் என்று சொல்பவர்களிலும் பாதிப் பேர் பஞ்சர் கடைக்குப் போய் கம்ப்ரஸர் காற்றை அடைக்கிறார்கள். டாங்கின் ஒரு பக்கம் 40 சென்டிமீட்டருக்கு 30 என்று வையுங்கள். முப்பது பவுண்டு காற்று அடித்தால் அந்த ஒரு பக்கத்தின் மேல் விழும் பாரம் இரண்டரை டன். தகரம் தாங்காது. அடைபட்ட காற்று சுருட்டி வைத்த வில் மாதிரி. மடிப்பு விட்டால் தகரத்தைக் கத்தியாக வீசும். தண்ணீர் அப்படி இல்லை. தண்ணீரை நிரப்பி அழுத்தினால், விடும்போது சொட்டும், அவ்வளவுதான். பாய்லரைத் தண்ணீர் வைத்துச் சோதிப்பது இதனால்தான்.

"செலவு ஆகுமே சார்" என்பார்கள். என்ன செலவு என்று சொல்கிறேன், கேளுங்கள். நான் செய்தது இதுதான்.

முதலில் சுத்தம். சலவை சோடா கலந்த வெந்நீர், ஐந்து முறை. பிறகு பழைய சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தேன். மிச்சத்துக்கு எலுமிச்சை உப்புக் கரைசல், ஒரு ராத்திரி. மறுநாள் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்தேன். ஓட்டை இருந்தது அடிப்பக்கத்து மடிப்பில். அந்த மடிப்பு மேலே வருகிற மாதிரி டாங்கைச் சாய்த்து, மடிப்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்பினேன். ஆவி தங்க இடமே இல்லை. காற்று போக வழியைத் திறந்து வைத்துவிட்டு, தூரத்தில் சூடுபடுத்திய செப்புக் கோலால் ஈயம் வைத்தேன். நெருப்பு டாங்கின் பக்கத்தில் வரவே இல்லை.

பிறகு சோதனை. கொத்தனார் மட்டம் பார்க்கிற நிறமில்லாத டியூபை ஒரு கொத்தனார் தம்பியிடம் கேட்டு வாங்கினேன். டாங்க் முழுக்கத் தண்ணீர், ஒரு ஹோஸ் வாயை அடைத்தாயிற்று, இன்னொரு வாயில் டியூப். டியூபின் மறுமுனையை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டேன். 2.3 அடி உயரத் தண்ணீருக்கு ஒரு பவுண்டு அழுத்தம். தரையிலிருந்து பன்னிரண்டு அடி என்றால் ஐந்து பவுண்டு சொச்சம். மோட்டார் கொடுக்கிற அதே அழுத்தம், அதற்கு மேல் ஒரு பவுண்டுகூட ஏறாது. டியூபில் தண்ணீர் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

அக்கா மகன் வந்திருந்தான். "அப்பறம் என்ன மாமா, பெயிண்ட் அடிச்சுடலாம்ல?" என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் தண்ணீர் நுழையாத சந்தில் மண்ணெண்ணெய் நுழையும். டாங்கைக் காயவைத்து, மடிப்பு முழுக்க வெளியே சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாய்த்து வைத்தோம். சாயங்காலம் பார்த்தால், வெள்ளைச் சுண்ணாம்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ஈரக் கறை. மூலையில். வேறு எங்கோ இல்லை, நான் வைத்த ஈயத்தின் ஓரத்தில். முப்பத்தைந்து வருஷ அனுபவத்தின் கையெழுத்து! பெயிண்ட் அடித்து அனுப்பியிருந்தால் காயலில் போய்த்தான் தெரிந்திருக்கும்.

அடுத்து நடந்ததுதான் நான் இதை எழுதக் காரணம். அக்கா மகன் சொன்னான்: "இத்துனூண்டு இடம்தானே மாமா. மண்ணெண்ணெயக் கொட்டிட்டேன், இப்ப காலிதான். ஒரு தடவ சூடு காட்டிடுங்க."

படித்த பையன். ஸ்கூலில் வாத்தியார். அவன் வாயில் அதே வார்த்தை வருகிறது. "காலிதான்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பாடுபட்டு முடித்த வேலை, இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி என்று தோன்றும்போது யாருக்கும் அந்த வார்த்தைதான் வரும். எனக்கும் ஒரு நொடி கை அரித்தது, பொய் சொல்லவில்லை. "வேண்டாம்டா" என்றேன். மறுபடி வெந்நீர், மறுபடி சோடா, மறுபடி ஐந்து முறை. மறுபடி தண்ணீர் நிரப்பி, ஈயம் வைத்து, மறுபடி மாடிக்கு டியூப், மறுபடி சுண்ணாம்பு. மூன்று நாள் கூடுதல். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை வாயைத் திறந்தேன் என்கிற நிம்மதி எனக்கு.

மொத்தச் செலவு: சலவை சோடா, எலுமிச்சை உப்பு, ஈயம், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய், கைப்பிடி சுண்ணாம்பு. டியூப் இரவல். தண்ணீர் நம் ஊர்த் தண்ணீர். பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இல்லாதது பொறுமை, அப்புறம் "வேண்டாம்" என்று சொல்லும் வாய்.

டாங்கைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். மோட்டாரை நிறுத்திய பிறகும் உள்ளே அழுத்தம் நிற்கும், மூடியைச் சட்டென்று திருகாதீர்கள். இன்னொன்று, இன்று பங்கில் கிடைப்பது தாத்தா காலத்துப் பெட்ரோல் இல்லை, 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் அரிக்கும். அதனால் ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலி செய்து வையுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். "காலி செய்து" என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலி செய்த பிறகு நெருப்பை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

ரயில்வே கேட்டில் பார்த்த பட்டறைக்காரரைத் தேடிப் போன வாரம் போனேன். அவரிடமும் வேலைக்கு ஒரு பையன் இருக்கிறான். கண்ணாடி கூடப் போடாமல் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா கஸ்டமரு நின்னுகிட்டே கேக்கறானே" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கஸ்டமர் நாம்தான். அடுத்த தடவை டாங்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போகும்போது, "நாளைக்கு வந்து வாங்கிக்கறேன், கழுவிட்டுப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்படிச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.